வெக்கை படித்தவன் அசுரன் பார்த்த கதை

"அண்ணே, படத்தத்தான் நாலு தடவ பாத்தாச்சே. புத்தகம் வேற எதுக்கு?"

சாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுகிற எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு தம்பி கேட்டது இது. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். லீவு நாளில் பட்டாசு ஆபீசில் பேக்கிங் வேலைக்குப் போய்த்தான் ஃபீஸ் கட்டுகிறான். அன்றைக்கும் வேலை முடிந்து, நகக்கண்ணில் வெள்ளி மருந்து ஒட்டியிருக்க, அப்படியே வந்து உட்கார்ந்திருந்தான். பூமணியின் 'வெக்கை'யைப் படிக்கலாம் என்று நான் சொன்னதற்குத்தான் இந்தக் கேள்வி. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் சரியான பதில் சொல்ல வரவில்லை. புத்தகம் நல்லது, படம் அப்படி இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பொய். எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

நான் வெக்கையைப் படித்தது கல்லூரிக் காலத்தில். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே போகும் டவுன் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து, நாலைந்து நாளில் முடித்தேன். 1982இல் வந்த நாவல். எழுதிய பூமணி நமக்குப் பக்கத்து ஆள், கோவில்பட்டி அருகே ஆண்டிப்பட்டிக்காரர். அதுவரைக்கும் நான் படித்த கதைகளில் எங்கள் தெரு ஆட்கள் வந்தால் யாராவது ஒருத்தர் எங்களுக்காக இரக்கப்பட்டுக்கொண்டே இருப்பார். வெக்கையில் இரக்கப்பட ஆள் கிடையாது. பதினைந்து வயசுப் பையன் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுவதில் கதை தொடங்குகிறது. கையை மட்டும் எடுக்க நினைத்துப் போனவன். ஆள் செத்துப்போகிறான். அப்புறம் அவனும் அவன் அய்யாவும் காடு, மலை, ஓடை என்று ஒரு வாரம் சொச்சம் ஒளிந்து திரிகிறார்கள். கடைசியில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள்.

கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அந்த அலைச்சலில் அவர்கள் என்ன தின்றார்கள், எங்கே படுத்தார்கள், யார் வந்து சேதி சொன்னார்கள், ராத்திரியில் அய்யாவும் மகனும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதுதான். கொலையைவிடச் சோறு பொங்குவதைப் பற்றித்தான் பூமணி அதிகம் எழுதியிருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. அந்த வயதில் அது கொஞ்சம் சலிப்பாகக்கூட இருந்தது. எப்போது அடுத்த வெட்டு வரும் என்று பக்கத்தைப் புரட்டினேன். வரவில்லை. அந்தச் சலிப்புக்கு என்ன அர்த்தம் என்று புரியப் பல வருடம் ஆனது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாவலில் சாதிப் பெயரே கிடையாது. யார் எந்தத் தெரு, எந்த ஆள் என்று பூமணி எங்கும் சொல்லவில்லை. நம்ம ஊர்க்காரனுக்கு அது தேவையும் இல்லை, நாலு பக்கத்தில் தெரிந்துவிடும். ஆனால் சென்னையில் உட்கார்ந்து படிக்கிறவர் இதை வெறும் நிலத்தகராறு, பழிவாங்கும் கதை என்று படித்துவிட்டு மூடி வைக்கலாம். அப்படிப் படித்த பேராசிரியர்களை எனக்கே தெரியும்.

இப்போது படத்துக்கு வருவோம். வெற்றிமாறனின் 'அசுரன்' 2019 அக்டோபர் 4 அன்று வெளியானது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. சிவகாசிப் பக்கம் அந்த மூன்று வாரம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கம்பெனி பஸ் விடியக் கருக்கலில் வந்து நிற்கும். அம்மா அந்தப் பஸ்ஸில் போய் வருகிறவர். பொழுதுக்கும் சரவெடி பின்னி விரல் மரத்துப்போயிருக்கும். தியேட்டருக்கு வா என்றால் வர மாட்டார். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், தனுஷ் படம் என்று தங்கச்சி இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

படத்தில் மாரியம்மாள் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்ததற்காக அடித்து இழுத்து வரப்படும் காட்சி இருக்கிறதே, அந்த இடத்தில் நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அழவில்லை. சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார்: "நாங்க ஊர்த்தெரு வரவும் செருப்பக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிருவோம். உங்க அப்பா ஒரு தடவ மறந்துட்டாக." அதற்கு மேல் சொல்லவில்லை. முப்பது வருடம் அவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அந்த ஒரு வரியை எனக்குச் சொல்ல ஒரு சினிமா தேவைப்பட்டது.

அந்தக் காட்சி நாவலில் இல்லை. அதனால்தான் படத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. பூமணி சொல்லாமல் விட்டதை வெற்றிமாறன் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று முடிவெடுத்தார். கதையின் அப்பா சிவசாமிக்கு ஒரு பின்கதை வைத்தார். அதில் பஞ்சமி நிலப் போராட்டம் வருகிறது, வீடுகளுக்குள் அடைத்துத் தீ வைப்பது வருகிறது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை நினைக்காமல் யாரும் அதைப் பார்க்க முடியாது. புத்தகத்தில் இல்லாததைச் சேர்த்தால் துரோகம் என்பார்கள் இலக்கியக்காரர்கள். இங்கே சேர்த்ததுதான் நியாயம் என்பது என் கட்சி.

பஞ்சமி நிலம் என்றால் என்ன என்று படம் பார்த்த பிறகு என்னிடம் கேட்ட பிள்ளைகள் நிறைய. சுருக்கமாகச் சொல்கிறேன். 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலமில்லாததுதான் அவர்களுடைய அடிமைத்தனத்துக்கு வேர் என்று அதில் காட்டினார். அதையொட்டி 1892இல் அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கினார்கள். மொத்தம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பத்து வருடத்துக்கு விற்கக்கூடாது. அதற்குப் பிறகும் அதே வகுப்பு ஆட்களுக்குத்தான் கைமாற்றலாம். மற்றவர் வாங்கினால் அது செல்லாது. ஆனால் செல்லாத கையில்தான் அந்த நிலங்கள் இன்றைக்கும் கிடக்கின்றன. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்தார்கள்.

இதையெல்லாம் நாங்கள் துண்டறிக்கை போட்டு இருபது வருடம் சொன்னோம். பஸ் ஸ்டாண்டில் வாங்கி நாலாய் மடித்துக் கீழே போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு படம் வந்தது, மூன்றே வாரத்தில் தமிழ்நாடே பஞ்சமி பஞ்சமி என்றது. முரசொலி அலுவலக மனை பஞ்சமியா இல்லையா என்று ஸ்டாலினும் ராமதாசும் அறிக்கைவிட்டு மோதிக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் எங்களுக்கு ஒரு சென்ட்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் வார்த்தை எல்லார் வாய்க்கும் வந்துவிட்டது. சினிமா செய்கிற காரியம் அது. எங்கள் வட்டத்துப் பிள்ளைகள் மூன்று பேர், யாரும் சொல்லிக் கொடுக்காமலே, தங்கள் கிராமத்தில் டி.சி. நிலம் எவ்வளவு, சர்வே எண் என்ன, இப்போது யார் பெயரில் பட்டா இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார்கள். ஒரு மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது: கேட்கப்பட்ட ஆவணம் அலுவலகத்தில் இல்லை. மேல்முறையீடு செய்திருக்கிறார்கள்.

இந்த மனுவை எழுதிய பிள்ளைகளில் ஒருத்திதான் எனக்கு ஒரு விஷயத்தைச் சுட்டிக் காட்டியது. அதுவரை நான் யோசிக்கவில்லை.

படத்தின் கடைசியில் சிவசாமி எல்லாப் பழியையும் தன்மேல் ஏற்றுக்கொண்டு கோர்ட்டுக்குள் போகும்போது மகனிடம் என்ன சொல்கிறார்? காடு இருந்தால் பறித்துக்கொள்வார்கள், பணம் இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், படிப்பை மட்டும் யாராலும் எடுத்துக்கொள்ள முடியாது என்ற அர்த்தத்தில் பேசுவார். தியேட்டரே எழுந்து நின்ற இடம். ஸ்டேட்டஸில் வைத்துத் தேய்த்துவிட்டோம். நானும் வைத்தேன். அந்தப் பிள்ளை கேட்டாள்: "அப்போ நிலத்த விட்டுக்கொடுக்கச் சொல்றாராண்ணே?"

கேள்வி சரியானதுதான். பஞ்சமி நிலத்தை ஊருக்கே ஞாபகப்படுத்திய அதே படம், முடிக்கும்போது நிலம் போகும், விடு, படி என்று முடிக்கிறது. நிலத்துக்காகத்தான் அந்த வீட்டில் மூத்த மகனின் தலை உருண்டது. நிலத்துக்காகத்தான் சின்னவன் அரிவாள் எடுத்தான். கடைசியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. படிப்பை நான் வேண்டாம் என்று சொல்வேனா? ஞாயிற்றுக்கிழமை தோறும் எதற்குப் போய் உட்காருகிறேன்? ஆனால் பி.காம். முடித்துவிட்டுக் கம்பி மத்தாப்புக்கு லேபிள் ஒட்டுகிற பையன்களை நம்ம பக்கம் தெருவுக்குப் பத்துப் பேர் காட்டுவேன். படிப்பை யாரும் பிடுங்கவில்லை, அது பாட்டுக்கு டிரங்குப் பெட்டியில் சான்றிதழாக இருக்கிறது. அரை ஏக்கர் மானாவாரி இருந்தால்கூட அந்தப் பையனின் அம்மா மருந்து அறைக்குப் போகாமல் இருந்திருப்பாள். கற்பி என்று சொன்ன அண்ணல் அதோடு நிறுத்தவில்லையே. மற்ற இரண்டு சொல்லும் படத்தில் எங்கே போயின என்று தேடிப் பாருங்கள். பின்கதையில் சங்கம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. அதை எரித்துவிட்டார்கள். எரிந்த பிறகு ஒரே ஒரு ஆள் எழுந்து நின்று எல்லாரையும் வெட்டுகிறார். தனுஷ் பிரமாதமாக நடித்தார், தேசிய விருது வாங்கினார், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நட்சத்திரத்தை வைத்துப் படம் எடுத்தால் கதை நட்சத்திரத்தின் பக்கம்தான் சாயும். பதினைந்து வயசுப் பையனின் கதை, பையனைக் காப்பாற்றுகிற அப்பாவின் கதையாகிவிட்டது.

இது எங்கே இடிக்கிறது என்று எனக்கு அனுபவத்தில் தெரியும்.

கொஞ்ச வருடம் முந்தி ஒரு கிராமத்தில் கோயில் கொடை சமயத்தில், பாட்டுப் போட்டது சம்பந்தமாகத் தகராறு. நம்ம ஆட்கள் வீட்டு ஓட்டை உடைத்தார்கள், இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. வன்கொடுமை வழக்குப் பதியச் சொல்லி நாங்கள் ஸ்டேஷனில் நிற்கும்போதே அந்தப் பக்கத்திலிருந்து எதிர் வழக்கு வந்துவிட்டது. அதில் பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் பெயர். வயதைப் பத்தொன்பது என்று எழுதிவிட்டார்கள். பையனும் அவன் அப்பாவும் சீமைக்கருவேலங்காட்டுக்குள் போய்விட்டார்கள். பையன் செல்போனில் அரிவாளோடு அசுரன் படம்தான் வைத்திருந்தான். இரண்டாம் நாள் ராத்திரி நான் போய்ப் பார்த்தபோது அந்த அரிவாளெல்லாம் எங்கே போச்சோ. "சித்தப்பா, சோறு இருக்கா" என்றுதான் முதல் வார்த்தை. கூட வந்த அவன் மாமா தூக்குச்சட்டியைத் திறந்தார். அப்பாக்காரர் முதலில் மகனுக்குப் பிசைந்து கொடுத்துவிட்டு, மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டார். கொசு பிடுங்கியது. அம்மாவும் தங்கச்சியும் வேறு ஊரில் உறவுக்காரர் வீட்டில் இருந்தார்கள். ஆறு நாள். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருத்தர் கூலியை விட்டுவிட்டு அவர்களுக்குச் சோறு கொண்டுபோனார்கள். ஏழாம் நாள் பையனின் பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வக்கீலோடு கோர்ட்டில் ஆஜர்படுத்தினோம்.

அந்தக் காட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதுதான் டவுன் பஸ்ஸில் நான் சலித்துப் புரட்டிய பக்கங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. பூமணி எழுதியது இதைத்தான். ஒரு வழக்கு என்றால் நமக்கு அது தீர்ப்பும் வெட்டும் இல்லை. ஒரு வாரம் யார் சோறு கொண்டுவருவது என்பது. நாவலில் யாரும் தனியாள் கிடையாது. மாமன் இருக்கிறார், ஆத்தா இருக்கிறாள், சேதி கொண்டுவர ஆள் இருக்கிறது. பையன் செய்ததை அய்யா திட்டவும் இல்லை, தலையில் தூக்கிவைத்து ஆடவும் இல்லை. அவனோடு நடக்கிறார். சரணடைவதுகூட சேர்ந்து எடுக்கிற முடிவு. படத்தில் அப்பா மகனுக்காகத் தியாகம் செய்கிறார். புத்தகத்தில் அப்பாவும் மகனும் கூட்டாளிகள். இந்த வித்தியாசம் சின்னது மாதிரித் தெரியும். சங்க வேலை பார்க்கிறவர்களுக்குச் சின்னது இல்லை.

இதற்கு நேர் எதிராகவும் ஒரு சம்பவம் தமிழ் சினிமாவில் நடந்திருக்கிறது. பி.எச். டேனியல் வால்பாறை எஸ்டேட்டுகளில் டாக்டராக வேலை பார்த்தவர். 1969இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். பாலா அதை வைத்து 2013இல் 'பரதேசி' எடுத்தார். நாவலில் மலையேறிச் சாகிறவர்கள் எந்தச் சனம் என்பதில் குழப்பமே இல்லை. படத்தில் அந்த அடையாளம் பொதுவான 'ஏழை ஜன'மாகக் கரைந்துபோனது. கூடவே, அந்த மக்களுக்காக நின்ற டாக்டர் இருந்த இடத்தில் மதம் மாற்ற ஆட்டம் போடுகிற ஒரு டாக்டர் வந்து நின்றார். எழுதியவரே டாக்டர் என்பதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. புத்தகம் மறைத்ததை ஒரு படம் திறந்து காட்டியது, புத்தகம் திறந்து வைத்ததை இன்னொரு படம் மூடியது. ஆகவே படம் என்றாலே மோசம், புத்தகம் என்றாலே உசத்தி என்று என்னிடம் யாரும் வராதீர்கள். யார் கையில் போகிறது, அவர் எதைச் சொல்லப் பயப்படுகிறார் என்று பாருங்கள்.

பூமணியே ஒரு படம் எடுத்திருக்கிறார் என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. 'கருவேலம்பூக்கள்'. என்.எஃப்.டி.சி. தயாரிப்பு. நாசரும் ராதிகாவும் நடித்தது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றியது. அதாவது நம்மைப் பற்றியது. அதற்கும் முந்தி 1990இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். சிவகாசிப் பிள்ளைகளை வேலைக்கு வைப்பது பற்றி எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது, ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்றது, எல்லாம் உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று எங்கள் வட்டத்தில் கேட்டேன். ஒரு கைகூட எழவில்லை. அதில் சில பேரின் அம்மாக்கள் அந்தக் குழந்தைகளாக இருந்தவர்கள்.

நம்ம மாவட்டத்துப் புத்தகம் ஒன்று இன்னும் வெள்ளித்திரைக்கு வராமல் காத்துக்கிடக்கிறது. பாமாவின் 'கருக்கு'. 1992இல் வந்தது. வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டிக்காரர். உலகத்துப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிற புத்தகம், நம்ம பஸ் போகிற ஊரில் நடக்கிறது. அதில் அரிவாள் எடுக்கிற அப்பா கிடையாது. ஒரு பெண் படிக்கிறாள், கன்னியாஸ்திரி ஆகிறாள், அங்கேயும் சாதி இருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறாள். இதை எடுக்க எந்த ஹீரோவிடம் கால்ஷீட் கேட்பது? அதனால்தான் எடுக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் என்று வெடித்துச் செத்தவர்களின் கதையும் இப்படித்தான். டிவியில் இரண்டு நாள் புகை தெரியும், அப்புறம் தீபாவளி வந்துவிடும்.

போன மாதம் அம்மாவுக்கு வெக்கையைப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. ராத்திரி சாப்பாடு முடிந்து அரை மணி நேரம், விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்கிறார். பாதிதான் ஆகியிருக்கிறது. வெட்டு வரும் இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. அய்யா மகனுக்குச் சோறு பொங்குகிற இடத்தில்தான் சிரித்தார். "அடுப்புப் பத்தவைக்கத் தெரிஞ்ச ஆம்பளை. நல்ல மனுசன்" என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "அந்த ஆத்தாக்காரி எங்க இருக்கா இப்ப? அவ சாப்ட்டாளா?"

இந்தக் கேள்வியை ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் காலை அஞ்சரைக்குக் கம்பெனி பஸ், அதில் படிக்கிறேன் என்றான்.